பிரிந்து சேர்ந்த கிரான்பெரீஸின் ‘ரோஸஸ்’: நாம் அதைச் சரியாகக் கேட்டோமா?

கடலோரக் காற்று:

இரண்டு கிழமையாக வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ஒரே அல்பத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கிரான்பெரீஸின் ‘ரோஸஸ்’, 2012 பெப்ரவரியில் வந்தது. வந்த புதிதில் ஒருமுறை கேட்டுவிட்டு, பழையது போல இல்லை என்று தூக்கி வைத்தவர்களில் நானும் ஒருவன். இப்போது அது தப்பு என்று படுகிறது. இங்கே அந்தக் குழுவை விரும்புகிறவர்கள் பலர் இருக்கிறீர்கள். அதனால்தான் இந்த இழை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அயர்லாந்தில் லிமெரிக் நகரத்துக் குழு. நோயல் ஹோகன் கிற்றார், அவருடைய தம்பி மைக் ஹோகன் பேஸ், ஃபெர்கல் லோலர் டிரம்ஸ். 1990இல் டொலோரஸ் ஓ’ரியோர்டன் பாடகியாக வந்து சேர்ந்தார். 1993இல் முதல் அல்பம், அடுத்த வருடமே ‘நோ நீட் டு ஆர்க்யூ’. ஐந்து அல்பம் முடிந்து 2003இல் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். டொலோரஸ் தனியாக இரண்டு அல்பம் செய்தார். 2009இல் திரும்பச் சேர்ந்து நாடு நாடாகப் பாடப் போனார்கள். அதன் பிறகு வந்தது ரோஸஸ். முந்தைய அல்பத்துக்கும் இதற்கும் நடுவில் பத்து வருடத்துக்கு மேல்.

நான் யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு வந்தது 1996இல். ஊரில் மின்சாரம் இல்லாத வருடங்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டு வளர்ந்தவன். பாட்டு நடுவில் கை ஓய்ந்தால் பாட்டும் ஓய்ந்துவிடும். வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் நாலு பேர் ஒரு அறை. பொலிஸ் பதிவு கிடைக்கும்வரை வெளியே போகப் பயம். அந்த அறையில் ஒருவரிடம் ரெக்கோர்டிங் பாரில், அதாவது பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடையில், அடித்த 90 நிமிடக் கசெற் ஒன்று இருந்தது. அதில்தான் இவர்களுடைய ‘லிங்கர்’ பாட்டை முதன்முதல் கேட்டேன். அப்போது எனக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனால் அந்தக் குரல் உடைகிற இடத்தில் என்ன சொல்கிறது என்பது விளங்கிவிட்டது.

அதனால் 2012இல் நான் எதிர்பார்த்தது அந்த அறையை. அல்பம் தந்தது வேறு. நாற்பதை எட்டிய நாலு பேர் நிதானமாக உட்கார்ந்து பேசுவது போல இருந்தது. அன்றைக்கு எனக்கு அது பிடிக்கவில்லை. இப்போது என் வயது அவர்களுடைய அப்போதைய வயதைத் தாண்டிவிட்டது, இப்போதுதான் அந்தப் பேச்சு காதில் ஏறுகிறது. ஒரு குழு பிரிந்து சேர்ந்து பாடும்போது நடுவில் போன வருடங்களும் பாட்டில் கேட்க வேண்டும். ரோஸஸில் அது கேட்கிறது என்பது என் கருத்து. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மெஜஸ்டிக் 90:

அண்ணா, உங்கள் கசெற் கதை மனதைத் தொட்டது. ஆனால் அல்பம் விஷயத்தில் ஒத்துப்போக முடியவில்லை.

நான் பம்பலப்பிட்டியில் வளர்ந்தவன். பள்ளிக்கூடம் விட்டதும் மெஜஸ்டிக் சிட்டி கடைத்தொகுதிக்குள் போய், வாங்கக் காசில்லாமல் சீடி அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வருவோம். நான் முதன்முதல் சொந்தக் காசில் வாங்கிய ஆங்கில அல்பம் ‘நோ நீட் டு ஆர்க்யூ’. அந்த அட்டையில் நாலு பேரும் ஒரு சோபாவில் இருப்பார்கள். அந்தப் படம் என் அறைச் சுவரில் எத்தனை வருடம் இருந்தது என்று அம்மாவைக் கேட்டால் தெரியும்.

ரோஸஸையும் அதே ஆசையோடுதான் கேட்டேன். ‘டுமோரோ’ நல்ல மெட்டு, ஆனால் அளவுக்கு மீறி இனிப்பு. நடுப்பகுதியில் நாலைந்து பாட்டு ஒரே வேகத்தில் போகிறது. எங்கே ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியது என்றே பிடிபடவில்லை. ‘ஸ்கிட்ஸஃபிரெனிக் பிளேபோய்ஸ்’ வந்ததும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது போல இன்னும் இரண்டு இருந்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. வயது வந்தால் நிதானம் வரும், சரி. ஆனால் நிதானமாகப் பாடுவது வேறு, சோர்ந்து பாடுவது வேறு. மறுநாள் காலையில் வாயில் வந்து நிற்கிற பாட்டு எத்தனை அதில்? எனக்கு ஒன்றே ஒன்றுதான்.

பேஸ் தந்தி:

இருவரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் வாசிக்கிறவன், அந்தப் பக்கத்தில் இருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

ரோஸஸைத் தயாரித்தவர் ஸ்டீவன் ஸ்ட்ரீட். த ஸ்மித்ஸ், ப்ளர் என்ற ஆங்கிலக் குழுக்களோடு வேலை செய்தவர், கிரான்பெரீஸின் முதல் இரண்டு அல்பங்களும் அவர் கையால் வந்தவை. பிரிவதற்கு முந்தைய 2001 அல்பமும் அவருடையதுதான். திரும்பிச் சேர்ந்ததும் புதிய ஒருவரைத் தேடாமல் அவரிடமே போனார்கள். 2011இல் டொரொண்டோ பக்கமும் லண்டனிலும் பதிவு. அதனால்தான் டிரம்ஸ் ஒலியும் கிற்றாரின் அந்த மினுமினுப்பும் முதல் அல்பத்து வீட்டு முற்றம் மாதிரி இருக்கிறது.

//ஒரே வேகத்தில் போகிறது//

இது உண்மை. ஆனால் காரணத்தைப் பாருங்கள். நோயலும் டொலோரஸும் பாட்டுக் கட்டிய முறை ஆரம்பத்தில் இருந்தே ஒன்றுதான். அவர் கிற்றாரில் கோர்ட்ஸை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை, வாசித்துப் பதிந்து கொடுப்பார், இவர் அதைக் கொண்டுபோய் மெட்டும் வரியும் போட்டுக்கொண்டு வருவார். 1990இல் டொலோரஸ் குழுவைப் பார்க்க வந்த நாளில் நோயலின் கோர்ட்ஸ் இருந்த கசெற்றை எடுத்துப் போய், திரும்பி வரும்போது ‘லிங்கர்’ பாட்டோடு வந்தார் என்பது அவர்களே பல இடத்தில் சொன்ன கதை. ரோஸஸ் காலத்தில் டொலோரஸ் கனடாவில், நோயல் அயர்லாந்தில். கசெற்றுக்குப் பதில் மின்னஞ்சல். இப்படிக் கட்டுகிற பாட்டில் கிற்றார் முதலில் படுத்திருக்கும், குரல் அதன்மேல் நடக்கும். வேகம் குரலில் இருந்து வர வேண்டும். ‘ஸொம்பி’ அப்படி இல்லை. அது டொலோரஸ் தனியாக எழுதியது. ஈ மைனர், சி, ஜி, டி, நாலே கோர்ட், அதையே கடைசிவரை அடிக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பாட்டுக்கு அந்த ஆவேசம். இரண்டும் இரண்டு வழி. ரோஸஸ் பெரும்பாலும் முதல் வழியில் வந்த அல்பம்.

எங்கள் கதையும் ஒன்று இருக்கிறது. நாங்கள் ஐந்து பேர் கொழும்பில் ஒரு குழு வைத்திருந்தோம். கல்யாண வீடு, பல்கலைக்கழக விழா, ஒரு ஹோட்டலில் சனிக்கிழமை இரவு. ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் காசு தராமல் இழுத்தடித்தார். அதில் எங்களுக்குள் யார் பேசுவது, யார் விட்டுக்கொடுத்தது என்று சண்டை வந்து, பேச்சு நின்றது. இரண்டு பேர் கனடா, ஒருவர் டுபாய். ஏழு வருடம் கழித்து டிரம்ஸ் வாசிக்கிறவர் லீவில் வந்தபோது தெஹிவளையில் ஒரு வீட்டு மாடியில் மூன்று பேராகச் சேர்ந்தோம். முதல் அரை மணி நேரம் யாரும் பழையதைப் பற்றிப் பேசவில்லை, பாட்டை மட்டும் வாசித்தோம். எல்லாருமே மெதுவாக வாசித்தோம். வேகமாக வாசிக்கத் தெரியாமல் இல்லை. மற்றவர் எங்கே நிற்கிறார் என்று காது கொடுத்துக்கொண்டே வாசித்தோம். ரோஸஸின் முதல் பாட்டு ‘கொண்டக்ட்’ தொடங்கும்போது எனக்கு அந்த மாடி ஞாபகம் வருகிறது. நாலு பேரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு உள்ளே வருகிறார்கள். மெஜஸ்டிக் தம்பி அதைச் சோர்வு என்கிறார். எனக்கு அது கவனமாகத் தெரிகிறது.

புதுச்செவி:

எனக்கு 22 வயது. நான் இவர்களைப் பின்னால் இருந்து முன்னால் கேட்டவள். முதலில் கேட்டது 2019இல் வந்த ‘இன் தி எண்ட்’, பிறகு ரோஸஸ், கடைசியாகத்தான் பழைய அல்பங்கள். அதனால் எனக்கு ரோஸஸ் ஏமாற்றமே தரவில்லை. ‘ஃபயர் அண்ட் சோல்’ பாட்டில் பின்னால் ஓடும் அந்த இருண்ட மின்னிசைத் தாளம் இன்றைய பாட்டு என்று சொன்னாலும் என் நண்பிகள் நம்புவார்கள்.

ஒரு சந்தேகம். டொலோரஸ் இறந்த பிறகு ‘இன் தி எண்ட்’ எப்படி வந்தது?

பேஸ் தந்தி:

தங்கச்சி, 2017இல் நோயலும் அவரும் புதுப் பாட்டுகளுக்கு டெமோ, அதாவது மாதிரிப் பதிவு, செய்துகொண்டிருந்தார்கள். 2018 ஜனவரி 15இல் அவர் லண்டனில் ஒரு ஹோட்டலில் இறந்தார். வயது 46. டெமோக்களில் இருந்த குரல் அப்படியே பயன்படக்கூடிய நிலையில் இருந்தது. குடும்பத்தாரைக் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகு, மற்ற மூவரும் அதே ஸ்டீவன் ஸ்ட்ரீட்டோடு உட்கார்ந்து முடித்தார்கள். முதல் பாட்டை அவருடைய ஓராண்டு நினைவு நாளில் வெளியிட்டார்கள். அந்த அல்பத்தோடு அந்தப் பெயரை முடித்தும் விட்டார்கள், வேறொரு பாடகியைத் தேடவில்லை.

நடுவில் 2017இல் ‘சம்திங் எல்ஸ்’ வந்தது. அதில் பெரும்பாலும் பழைய பாட்டுகளை வாத்தியக் குழுவோடு திரும்பப் பாடியிருந்தார்கள், புதுப் பாட்டு மூன்றுதான். ஆகவே டொலோரஸ் உயிரோடு இருக்கும்போது முழுக்கப் புதுப் பாட்டுகளோடு வந்த கடைசி அல்பம் ரோஸஸ்தான். 2012இல் இதை யாரும் அறிந்திருக்க முடியாது.

மெஜஸ்டிக் 90:

//கடைசி அல்பம் ரோஸஸ்தான்//

இதைத்தான் சொல்ல வந்தேன். அவர் இறந்துவிட்டார் என்பதால் அல்பம் நல்லதாகிவிடுமா? அவருடைய இழப்பு எனக்கும் பெரிய வலி. ஆனால் பாட்டைப் பாட்டாகப் பார்க்க வேண்டும். அந்தச் சேர்க்கையும் நாம் நினைக்கிற அளவு இனிமையாக இருக்கவில்லை. 2013இல் டொலோரஸ் நோயல் மீது நீதிமன்றம் போனார், 2015இல்தான் அது முடிந்தது. வழக்குப் போட்டபோது ரோஸஸ் வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

கடலோரக் காற்று:

தம்பி, நீங்கள் கேட்பது நேர்மையான கேள்வி. வழக்கு விஷயமும் உண்மை. ஆனால் அதற்குப் பிறகும் 2017இல் அவர்கள் சேர்ந்து பாட்டுக் கட்டினார்களே. இரண்டாவது முறையும் பிரிந்து இரண்டாவது முறையும் சேர்ந்தவர்கள் அவர்கள்.

மழைக்கால ரேடியோ:

பிள்ளைகள் பேசுவதை வாசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அறுபத்தெட்டு வயது. எங்கள் காலத்துப் பொப் இசை வேறு. எழுபதுகளில் ஏ. ஈ. மனோகரனும் நித்தி கனகரத்தினமும் பாடிய தமிழ்ப் பொப் பாட்டுகளை இலங்கை வானொலியில் கேட்க வேலையை விட்டுவிட்டு ஓடி வருவோம். பைலா தாளத்தில் தமிழ், நடுவில் சிங்களம். அந்தப் பாட்டு எங்கள் கல்யாண வீடுகளில் இன்றும் நிற்கிறது.

ஆனால் அந்தக் காலத்து வாத்தியக்காரர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு புது அல்பம் செய்ய வழியே இருக்கவில்லை. 1983 கலவரத்துக்குப் பிறகு ஆட்கள் ஒவ்வொரு நாட்டுக்குப் போய்விட்டார்கள். கிற்றார் ஒரு கண்டத்தில், பொங்கோ இன்னொரு கண்டத்தில். டொலோரஸ் போன அதே 2018 ஜனவரியில்தான் மனோகரனும் போனார், ஒரு கிழமை இடைவெளியில். அன்றைக்கு என் மகள் அவளுடைய பாடகிக்காக அழுதாள், நான் என் பாடகருக்காக. ஒரே வீட்டில், ஒரே மாதத்தில்.

அதனால் பிரிந்த குழு ஒன்று திரும்பச் சேர்ந்து பாடக் கிடைத்தது என்றால், பாட்டு நாலு குறைவாக இருந்தாலும் எனக்குக் கவலை இல்லை. எங்களுக்கு அது கிடைக்கவில்லை.

மெஜஸ்டிக் 90:

ஐயா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். பதில் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கு இரவு அல்பத்தை முழுவதும் கேட்கிறேன்.

கொட்டாஞ்சேனை ஆசிரியை:

இங்கே பெரும்பாலும் வாசிப்பதோடு நிறுத்திக்கொள்வேன். இந்த இழைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எல்லாரும் ‘ஸொம்பி’யை ஆவேசம் என்கிறீர்கள். எனக்கு அது இரண்டு பிள்ளைகளுக்கான ஒப்பாரி. 1993 மார்ச் 20இல் இங்கிலாந்தின் வொரிங்டன் கடைத்தெருவில், குப்பைத் தொட்டிகளில் வைத்த குண்டுகள் வெடித்து மூன்று வயதுப் பையன் ஒருவனும் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனும் இறந்தார்கள். அயர்லாந்துக்காரர்களின் பெயரில் நடந்த செயல் அது. அயர்லாந்துப் பெண் ஒருவர் அதற்குத் துக்கப்பட்டு எழுதினார். அதற்காக அவரைத் திட்டியவர்களும் உண்டு, ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டாய் என்று. நாம் இந்த நகரத்தில் இருந்துகொண்டு அந்தப் பாட்டைக் கேட்டவர்கள். 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கியில் குண்டு வெடித்த அன்று நான் கோட்டையில் இருந்து கொட்டாஞ்சேனைக்கு நடந்தே வந்தேன். வழி முழுக்க நான் வாய் திறக்கவில்லை, என் தமிழ் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்று. இறந்தவர்களுக்காக அழவும் வேண்டும், என்னை நினைத்துப் பயப்படவும் வேண்டும். அந்த இரண்டும் ஒரு தொண்டையில் இருப்பதை நான் வேறு எந்தப் பாட்டிலும் கேட்டதில்லை.

‘இன் தி எண்ட்’ வெளியானது 2019 ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு உயிர்த்த ஞாயிறு, தேவாலயங்களில் குண்டு வெடித்த நாள். கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் எங்கள் வீட்டில் இருந்து நடக்கிற தூரம். அந்தக் கிழமை எங்கள் தெருவில் துக்கத்துக்குக் கட்டிய வெள்ளைக் கொடியைத் தவிர வேறு ஒன்றும் அசையவில்லை. யூடியூபும் முடக்கப்பட்டிருந்தது. நான் எதிர்பார்த்துக் காத்திருந்த அல்பத்தைக் கேட்க முடியாது. கேட்கிற மனமும் இல்லை. கையில் இருந்தது பழைய சீடிகள். அதில் ரோஸஸை எடுத்துப் போட்டேன், ஏனென்றால் அது ஒன்றுதான் சத்தம் போடாது. பக்கத்து வீட்டில் துக்கம் இருக்கும்போது வைக்கக்கூடிய அல்பம் அது.

கடைசிப் பாட்டு அல்பத்தின் பெயர்ப் பாட்டு. வாழ்க்கை ஒன்றும் ரோஜாத் தோட்டம் இல்லை என்று பாடுகிறார். டொலோரஸின் தந்தை நெடுநாள் நோயில் இருந்து 2011 நவம்பரில் காலமானார். அல்பம் வந்தது மூன்று மாதம் கழித்து. என் அப்பாவும் இரண்டு வருடம் படுக்கையில் இருந்து போனவர். அப்படி இருக்கிற வீட்டில் யாரும் உரத்துப் பேச மாட்டார்கள். கதவைக்கூட மெல்லச் சாத்துவோம். அந்தப் பாட்டில் அவருடைய குரல் அப்படித்தான் இருக்கிறது. குரல் உடைகிற அந்த இடம், ‘லிங்கர்’ இல் எல்லாருக்கும் கேட்கும்படி உடையும். இங்கே அவர் அதை உள்ளேயே பிடித்துக்கொள்கிறார். தம்பி மெஜஸ்டிக், அந்தப் பாட்டை மட்டும் இரவில், வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு கேளுங்கள்.

புதுச்செவி:

ரீச்சர், வாசித்துவிட்டு வெகு நேரம் சும்மா இருந்தேன். நன்றி.

பேஸ் தந்தி:

அக்கா, நீங்கள் சொன்ன அந்த ‘பிடித்துக்கொள்வது’ பாடத் தெரிந்தவர்களுக்கு மிகவும் கஷ்டமான வேலை. குரலை மார்பில் இருந்து தலைக்குத் தூக்கும் நொடியில் வருகிற அந்த விரிசல்தான் அவருடைய முத்திரை. நம் ஊர் ஒப்பாரியில் கேட்பது போல அயர்லாந்திலும் சாவீட்டில் பெண்கள் பாடி அழும் மரபு இருந்தது. அதன் நிழல் அவர் குரலில் உண்டு. அதைக் கூட்டுவதற்கு ஆயிரம் பேர் சொல்லிக் கொடுப்பார்கள், குறைப்பதைக் காலம்தான் சொல்லிக் கொடுக்கும்.

கடலோரக் காற்று:

‘வெயிட்டிங் இன் வால்தம்ஸ்டோ’ பற்றி யாரும் பேசவில்லையே. வால்தம்ஸ்டோ கிழக்கு லண்டனில் இருக்கிறது. என் அக்கா 1999இல் போய் இறங்கிய இடம் அது. முதல் மூன்று வருடம் விசாவுக்காகக் காத்திருந்தாள், அத்தான் இங்கே வெள்ளவத்தையில் காத்திருந்தார். அவள் ஞாயிறு தோறும் போன் கார்ட் வாங்கி, தெருப் பூத்தில் நின்று பேசுவாள். பாட்டில் வருகிற காத்திருப்பு வேறு எதற்கானதோ. ஆனால் இந்த ஊர்ப் பெயரை ஒரு பாட்டில் கேட்டதும் எனக்கு அந்தப் பூத்தும் குளிரும்தான் வந்தது. அக்காவுக்கு அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை, இரவு வேலை அவளுக்கு.

மெஜஸ்டிக் 90:

நேற்று இரவு பதினொன்றரைக்கு, மனைவியும் பிள்ளையும் படுத்த பிறகு, பல்கனியில் இருந்து கேட்டேன். முழுவதும், ஒரு பாட்டும் தாண்டாமல்.

நேர்மையாகச் சொல்கிறேன். நடுப்பகுதி பற்றி என் எண்ணம் மாறவில்லை. மூன்று பாட்டை எடுத்துவிட்டு எட்டுப் பாட்டு அல்பமாக வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். ‘டுமோரோ’ இன்னும் இனிப்புத்தான், ஆனால் அது தேவையில்லாமல் கவலைப்படுகிற ஒரு இளம் ஆளுக்குச் சொல்கிற பாட்டு என்பதை இப்போதுதான் கவனித்தேன். எனக்கு இப்போது பதின்மூன்று வயதில் மகன். போன மாதம் பரீட்சை முடிவுக்காக அவன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. 2012இல் நான் அந்தப் பாட்டை யாருக்குச் சொல்லப்படுகிறது என்று யோசிக்கவில்லை. எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

கடைசிப் பாட்டுக்கு ஆசிரியை அக்கா சொன்னது முழுவதும் உண்மை. அது முடிந்த பிறகு வேறு எதையும் போட மனம் வரவில்லை. கடல் சத்தம் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். மறுநாள் காலையில் வாயில் வந்து நின்றதும் அதுதான்.

மழைக்கால ரேடியோ:

நல்லது மகனே. மகளிடம் சொல்லி அந்தப் பாட்டை நானும் கேட்டேன். வரிகள் பாதி விளங்கவில்லை. குரல் விளங்கியது.

பேஸ் தந்தி:

எங்கள் டிரம்ஸ் வாசிக்கிறவர் அடுத்த மாதம் திரும்பவும் லீவில் வருகிறார். ‘கொண்டக்ட்’ வாசித்துப் பார்க்கலாம் என்று செய்தி அனுப்பியிருக்கிறேன். பாட ஆள் இல்லை. புதுச்செவி தங்கச்சி, பாடுவீர்களா? தெஹிவளை, ஞாயிறு பின்னேரம். மற்றவர்களும் வரலாம், மாடியில் கதிரை போடுகிறோம். ஐயாவுக்குப் படி ஏற முடியுமா?

மழைக்கால ரேடியோ:

மெதுவாக ஏறுவேன்.

கடலோரக் காற்று:

அக்கா பதில் அனுப்பிவிட்டாள். இரவு வேலை முடிந்து பஸ்ஸில் கேட்டாளாம். ‘அந்தப் பூத் இப்போது இல்லை, அந்த இடத்தில் பூக்கடை’ என்று எழுதியிருக்கிறாள். படமும் அனுப்பியிருக்கிறாள்.